செங்கம் சாலைப் பேனரில் இருந்த நிழல் யாருடையது

அனுப்புநர்:
கா. அப்துல் ரசாக் (வயது 54),
பிளக்ஸ் பிரிண்டிங் கடை உரிமையாளர்,
செங்கம் சாலை, திருவண்ணாமலை.

பெறுநர்:
உயர்திரு துணைக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
திருவண்ணாமலை.

பொருள்: என் கடை முகப்பில் நான் வைத்த பேனர் மீது வந்த புகார் – பேனரில் இருப்பவர் ரவுடி அல்லர், ஒரு வீடியோ கேமுக்கு வரவிருந்த விருந்தாளி எனத் தெரிவித்தல் – விசாரணையை முடித்துவைத்து, என் கடை ஊழியர் செல்வி ஓவியாவுக்குக் கிடைக்கவிருக்கும் காவலர் பணிக்கு இடையூறு நேராமல் காக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: எங்கள் சரகக் காவல் நிலையத்தில் 14.08.2025 அன்று பெறப்பட்ட புகார்.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

1. நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இத்தொழிலைச் செய்துவருகிறேன். இந்த ஊரில் யார் வீட்டில் காது குத்தினாலும், யார் காலமானாலும், சொந்தக்காரர்களுக்கு அடுத்தபடியாகச் செய்தி வருவது என் கடைக்குத்தான். காவல் நிலையத்துக்கு இதற்கு முன் ஒரே ஒரு முறைதான் சென்றிருக்கிறேன். அதுவும் தலைக்கவசம் அணியச் சொல்லும் பேனரைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்காக. இப்போது இரண்டாம் முறையாகச் சென்று வந்த காரணத்தால் இம்மனுவை எழுதுகிறேன்.

2. புகாருக்குள்ளான பேனர் என் சொந்தக் கட்டடத்தின் முகப்பில், பாதையை மறைக்காமல் வைக்கப்பட்டது. அதில் முகம் தெரியாத ஒரு கரிய உருவம் நிற்கும். அதன் தோளுக்குப் பின்னால் நீளமாக ஏதோ ஒன்று தெரியும். சுற்றிலும் தீப்பிழம்பு. மேலே "மண் அதிர வருகிறார் அண்ணன்!" என்றும், கீழே "ஞாயிறு காலை எட்டரை மணிக்குக் களத்தில் சந்திப்போம்!" என்றும் இருக்கும். அடியில் என் மகள் ஹஃப்சா, என் கடையில் டிசைன் வேலை பார்க்கும் ஓவியா, அவர்களுடைய நண்பர்கள் மாறன், சாகில் ஆகிய நால்வரின் முகங்கள் வரிசையாக, பெயருடன் இருக்கும். அந்த வாரத்தில் பக்கத்து இரண்டு தெருக்காரர்களுக்குள் கைகலப்பு நடந்திருந்ததால், இதைப் பார்த்த யாரோ ஒருவர் பயந்து புகார் கொடுத்துவிட்டார். அவர் மீது எனக்கு வருத்தம் இல்லை. அந்தப் பேனரை வேறு யாராவது அடித்து என் வீட்டெதிரே வைத்திருந்தால் நானும் ஷட்டரை இறக்கியிருப்பேன்.

3. உண்மையில் அந்த உருவம் யார் என்பதைத் தாங்கள் அறிய வேண்டும். பிள்ளைகள் "நாற்சந்தி" என்று அழைக்கும் ஒரு சண்டை விளையாட்டு உள்ளது. வெளிநாட்டுப் பெயர்கள் என் வாயில் நுழையாததால் ஹஃப்சா சொல்லிக்கொடுத்த தமிழ்ப் பெயர்களையே இம்மனு முழுதும் எழுதுகிறேன். வெவ்வேறு விளையாட்டுகளில் தனித்தனியே வாழும் பாத்திரங்கள் தத்தம் ஊரை விட்டு வந்து, நாற்சந்தியில் ஒருவரோடு ஒருவர் மோதுவார்கள். இவர்களோடு, யாரும் எதிர்பாராத இடத்திலிருந்து ஒரு விருந்தாளியையும் அவ்வப்போது அழைப்பார்கள். யாரை அழைக்கப்போகிறார்கள் என்பதைச் சொல்லாமல், முன்கூட்டியே ஒரு நிழலை மட்டும் சில விநாடிகள் காட்டுவார்கள். நிழல் நடந்து வரும், நிற்கும், அவ்வளவுதான். மற்றதைப் பார்ப்பவர்களே ஊகித்துக்கொள்ள வேண்டும்.

4. ஐயா, ஒரு நிழலை வைத்துக்கொண்டு மனிதர்கள் இத்தனை பேச முடியும் என்பது எனக்கு இந்த ஐம்பத்து நான்கு வயதில்தான் தெரிந்தது. ஒரு மாத காலம் என் கடையில் வேறு பேச்சே இல்லை. உலகத்தில் பெரும்பாலோர் அதை ஒற்றைக்கண் வாள்வீரன் என்றார்கள். முதுகில் நீளமாகத் தெரிவது அவன் வாளாம். சாகில் அந்தக் கட்சி. மாறன், அது ரயில் ஓட்டும் கரடி என்றும், நீளமாகத் தெரிவது தண்டவாளக் கம்பி என்றும் சொன்னான். ஆசிரமத்துப் பக்கம் அறை எடுத்துத் தங்கி மௌன விரதம் இருக்கும் ஒரு வெளிநாட்டுக்காரர், லாமினேஷன் போட வந்தவர், எங்கள் திரையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார். பிறகு தன் குடையை விரித்து, அதைச் சுழற்றிக் காட்டினார். ஹஃப்சா துள்ளிக் குதித்து, "அத்தா, இவரு பனிமலை இளவரசிய சொல்றாரு! பின்னால நீளமா தெரியறது அவ குடையாம்!" என்றாள். மொழியும் தெரியாது, அவர் பேசவும் மாட்டார். ஆனாலும் அவர் சொன்னது அவளுக்குப் புரிந்துவிட்டது. அன்றிலிருந்து ஹஃப்சா அவர் கட்சி. மறுநாளிலிருந்து அவர் தினமும் வந்தார். லாமினேஷன் செய்ய அவரிடம் ஒன்றும் இல்லை.

5. நானும் சும்மா இருக்கவில்லை. இருட்டாக எடுத்த கல்யாணப் போட்டோக்களை வெளிச்சமாக்கிக் கொடுப்பது என் தொழில் என்பதால், அந்த நிழலையும் என் கம்ப்யூட்டரில் ஏற்றி, முடிந்த மட்டும் வெளிச்சம் கூட்டிப் பார்த்தேன். இருட்டுக்குள் ஒன்றுமே இல்லை. நான் கையை விரித்தபோது, அதுவரை பேசாமல் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஓவியா எழுந்து வந்தாள். படத்தை மெதுவாக ஓட்டச் சொல்லி, நிழல் நிற்கும் இடத்தில் கையைக் காட்டி, "ஆள் நின்னதுக்கு அப்புறமும் ரெண்டு முனையும் ஆடுதுங்க. கத்தின்னா இப்படி ஆடாது. எங்கப்பா ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுப்பாருங்க, நின்னாலும் தோள்ல ஆட்டம் அடங்க நேரம் ஆவும். இது ஆயுதம் இல்ல, சொமைங்க" என்றாள். அதன் பிறகு நான் எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும் எனக்குச் சுமையைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. அதே படத்தை உலகமே பார்த்துக்கொண்டிருந்தது, ஐயா. அந்த ஆட்டத்தைப் பார்த்த கண் கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ் ஏறி என் கடைக்கு வரும் கண்.

6. அதிலிருந்து அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். "வறண்ட நகரம்" என்ற பழைய விளையாட்டில் இரண்டு குடங்களைத் தண்டில் கட்டித் தோளில் சுமந்து வரும் தண்ணீர்க்காரர் ஒருவர் உண்டாம். களைத்து விழும் கதாநாயகனுக்கு ஒரு குவளை தண்ணீர் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். கடைசிவரை ஒருவரையும் அடிக்க மாட்டார். அவர்தான் விருந்தாளி என்று அவள் இணையத்தில் எழுதினாள். எங்கெங்கிருந்தோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். சண்டைக்களத்தில் தண்ணீர்க்காரனுக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். அவள் எழுதியதை அழிக்கவில்லை.

7. அந்தப் பேனர் உண்டான கதை இதுதான். அறிவிப்பு நம் நேரத்துக்கு ஞாயிறு காலை எட்டரைக்கு வரும் என்றானதும், வரப்போகிறவருக்கு முறைப்படி வரவேற்புப் பேனர் வைக்க வேண்டும் என்று பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள். யார் வருகிறார் என்பதில் நால்வருக்கும் நான்கு கருத்து. ஆகவே பெயர் போட முடியவில்லை. அவர்கள் என்னிடம் கொடுத்தது நிழலும், "வருக வருக" என்ற இரண்டு சொற்களும், நேரமும் மட்டுமே. பேனர் மொட்டையாக இருக்கிறதே என்று, தொழில் பழக்கத்தில் அண்ணனைப் போட்டது நான். மண்ணை அதிர வைத்ததும், களத்தில் சந்திப்போம் என்றதும் நான். எங்கள் தொழிலில் பின்னணி என்றால் தீப்பிழம்புதான். அதையும் நானே போட்டேன். பேனர் என்றால் அடியில் வைப்பவர்கள் முகம் இருக்க வேண்டுமே என்று நால்வரிடமும் பாஸ்போர்ட் சைஸ் படம் கேட்டு வாங்கியதும் நான்தான். பேனர் அடித்த அன்று ஓவியா விடுப்பில் இருந்தாள். தொங்கவிட்ட பிறகே அவள் அதைப் பார்த்தாள்.

8. புகாரின் பேரில், நால்வரும் ஞாயிறு காலை எட்டு மணிக்கே நிலையத்துக்கு வர வேண்டும் எனச் சொல்லப்பட்டது. எட்டரைக்குக் களத்தில் யாரும் யாரையும் சந்தித்துவிடக் கூடாது என்ற முன்னெச்சரிக்கை அது. அதில் நியாயம் உண்டு. நானும் உடன் சென்றேன். கழற்றிக் கொண்டுவந்த பேனர் சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. உதவி ஆய்வாளர் அவர்கள் அதைக் காட்டி, "இவன் யாரு? பேரு என்ன? எங்க இருக்கான்?" என்று கேட்டார். ஹஃப்சா, "எட்டரைக்குத்தான் சார் தெரியும்" என்றாள். அவள் உண்மையைத்தான் சொன்னாள். ஆனால் அது அங்கே எப்படிக் கேட்டிருக்கும் என்று தாங்களே யோசித்துக்கொள்ளலாம்.

9. பிறகு பிள்ளைகள் நிழல் படத்தைக் காட்டி எல்லாவற்றையும் விளக்கினார்கள். தலைமைக் காவலர் அப்பாதுரை அவர்கள் இரண்டு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, "நடையப் பாத்தா கரடி மாதிரிதான்யா இருக்கு" என்றார். மாறனுக்கு அப்போதுதான் முகத்தில் களை வந்தது. வேறொரு காவலர் வாள்தான் என்று அடித்துச் சொன்னார். உதவி ஆய்வாளர் எட்டு இருபத்தைந்துக்குத் தன் நாற்காலியைச் சற்று முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அறிவிப்பு அப்பாதுரை அவர்களின் கைபேசியில் பார்க்கப்பட்டது என்பதை, அவருக்கு எந்தச் சங்கடமும் நேராது என்ற நம்பிக்கையில் தெரிவிக்கிறேன்.

10. நான் கண்டதை எழுதுகிறேன். நிழல் நடந்து வந்தது. நின்றது. இரண்டு முனைகளும் ஆடின. வெளிச்சம் முதலில் காலில் விழுந்தது, பிறகு குடத்தில் விழுந்தது. குடம்தான், ஐயா. ஓவியா வாயைப் பொத்திக்கொண்டாள். வெளிச்சம் மேலே ஏறி முகத்துக்கு வந்தபோது அது தண்ணீர்க்காரர் இல்லை, ஒரு பெண்மணி. யாரென்று எங்களுக்கு முதலில் விளங்கவில்லை. ஓவியாதான் அந்தப் பழைய விளையாட்டில் தண்ணீர்க்காரர் காய்ச்சலில் படுக்கும் ஒரு கட்டம் உண்டு என்றும், மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து "நாளைக்கு நான் எடுத்துட்டு வரேன்" என்று ஒரு பெண்குரல் மட்டும் கேட்கும் என்றும், அந்தக் குரலுக்குரியவரைப் பிறகு யாருமே பார்த்ததில்லை என்றும் சொன்னாள். சொன்ன சொல்லைக் காப்பாற்ற அந்த அம்மாள் இப்போதுதான் வந்திருக்கிறார். எதிரே கத்தியும் கோடரியுமாக அத்தனை பேர் காத்து நிற்கிறார்கள். அவர் அவர்களைப் பார்க்கவே இல்லை. முதலில் குனிந்து, ஒரு சொட்டும் சிந்தாமல் இரண்டு குடங்களையும் இறக்கிவைத்தார். பிறகுதான் தண்டைக் கையில் எடுத்து நிமிர்ந்தார்.

11. நிலையத்தில் வயர்லெஸ் மட்டும் கரகரத்துக்கொண்டிருந்தது. நான் தொழுகையில் நிற்பவன். அந்தக் கணத்தில் இருந்த அமைதி எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். என்னையறியாமல் கண் கலங்கிவிட்டது. அதில் எனக்கு வெட்கமில்லை. உதவி ஆய்வாளர் அவர்கள், "சொமைன்னு சொன்னது யாரு?" என்று கேட்டார். எல்லோரும் ஓவியாவைக் காட்டினோம். அவள் எழுந்து நின்று, "ஆளத் தப்பா சொல்லிட்டேன் சார்" என்றாள். அவர், "சொமைய சரியா சொன்ன இல்ல, உக்காரும்மா" என்றார். பிறகு என்னைத் தனியே அழைத்து, "புகாரு பதிவாயிடுச்சு பாய். நானா ஒண்ணும் பண்ண முடியாது. மேல ஐயாவுக்கு எழுதுங்க" என்றார். அதன்படியே இம்மனு.

12. இனி என் மனக்குறைக்கு வருகிறேன். செல்வி ஓவியா இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் எழுத்திலும் ஓட்டத்திலும் தேறி, முன்நடத்தைச் சரிபார்ப்புக்காகக் காத்திருக்கிறாள். நிலக்கடலை போடும் அவள் வீட்டில் இதற்கு முன் யாரும் அரசு வேலைக்குப் போனதில்லை. சரிபார்க்க வருபவர் அவள் பெயருக்கு நேரே விசாரணை நிலுவையில் உள்ளது என்று கண்டால், அது தீப்பிழம்பு போட்ட ஒரு கிறுக்கனால் வந்தது என்று அந்தத் தாளில் எழுதியிருக்காது. அறிவிப்பு முடிந்து வெளியே வந்தபோது மற்ற மூவரும் கூத்தாடினார்கள். அவள் மட்டும் நிலையத்தின் பெயர்ப்பலகையைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். எனக்கு அதைத் தாங்க முடியவில்லை, ஐயா.

13. எனவே தாங்கள் கருணையுடன் கவனிக்க வேண்டுவன: பேனரில் மிரட்டல் போல் உள்ள வரிகள் அனைத்தும் என்னுடையவை, விசாரிக்க வேண்டுமானால் என் ஒருவனையே விசாரிக்கலாம். புகாரில் "ஆயுதம் தாங்கிய ஆண் நபர்" என்று குறிப்பிட்டுள்ளதாக அறிகிறேன். அப்படி ஒரு நபர் இல்லை என்பதற்கும், வந்தவர் தண்ணீர் கொண்டுவந்த பெண்மணி என்பதற்கும் தங்கள் நிலையத்தாரே கண்கண்ட சாட்சி. ஆகவே புகாரை முகாந்திரமற்றது என முடித்து, அந்த முடிவின் நகல் ஒன்றைச் சரிபார்ப்புக்கு முன் ஓவியாவின் கையில் கிடைக்கச் செய்ய வேண்டுகிறேன்.

14. பேனரைத் திருப்பித் தர வேண்டாம். ஆனால் கோப்பை மூடுவதற்கு முன் அடிவரிசையில் இடமிருந்து இரண்டாவதாக உள்ள முகத்தை ஒருமுறை பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். உலகமே கத்தி என்று சொன்ன இடத்தில் ஒரு மனுஷியின் சுமையைப் பார்த்த பெண் அவள். புகாரோடு ஓடிவரும் ஒவ்வொருவர் தோளிலும் என்ன இருக்கிறது என்று பார்க்க இப்படி ஒருத்தி தங்கள் நிலையத்தில் இருக்கட்டும், ஐயா. அவளைத் தடுத்து நிறுத்துவது என் தீப்பிழம்பாக இருக்க வேண்டாம்.

தங்கள் நல்ல உத்தரவை எதிர்நோக்கும்,
கா. அப்துல் ரசாக்
(கையொப்பம்)

இடம்: திருவண்ணாமலை
நாள்: 18.08.2025

இணைப்பு: திருத்திய பேனரின் வண்ண நகல் – 1. (பின்னணி வெள்ளை. அண்ணன் நீக்கப்பட்டுள்ளார். பிள்ளைகள் கேட்டிருந்த "வருக வருக" மட்டும் உள்ளது.)