மாலையைக் கையில் வைத்திருந்தவளுக்கு

வீட்டு மோட்டார் எரிந்துபோனதால் நேற்று மேனாம்பேட்டில் ரீவைண்டிங் கடைக்குப் போயிருந்தேன். உள்ளே நுழைந்ததும் வார்னிஷ் வாசனை. உன் புடவையில், டிபன் பாக்ஸில், தலைமுடியில்கூட இருந்த அதே வாசனை. கடைக்காரர் இரண்டு முறை கூப்பிட்ட பிறகுதான் பதில் சொன்னேன்.

அம்பத்தூர் எஸ்டேட் மோட்டார் கம்பெனியில் நீ செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றும் பிரிவில் இருந்தாய். நான் ஸ்டோர்ஸில் குமாஸ்தா. எம்.ஏ. படித்தவள் என்பதற்காக எனக்குக் "காலேஜு" என்று பெயர் வைத்தாய். இருவரும் ஒரே சங்கம். சங்கத் தலைவர் நகரத்திலிருந்து காரில் வருவார். நிர்வாகத்தோடு அவரே பேசி முடிப்பார். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன்பு கேட் மீட்டிங்கில் நல்லதாக நாலு வரி சொல்வார். எல்லோரும் கை தூக்குவோம். உங்கள் பிரிவுப் பெண்கள் ரோஜா மாலை போடுவீர்கள். உள்ளே எழுதியிருந்தது மாலை வாடிய பிறகுதான் தெரியவரும். எங்கள் டீ இடைவேளை பாதியானது அப்படித்தான்.

எண்பதுகளின் நடுவில் ஒரு முறை, கமிட்டிக்காரர் ஒருவரிடம் ஒப்பந்த நகலை வாங்கி வந்து, சாப்பாட்டு வேளையில் என் மேஜைமேல் வைத்தாய். ஆங்கிலத்தில் இருந்தது. பதினொன்றாவது ஷரத்துக்கு வந்ததும் அதைத் திரும்ப ஒருமுறை படித்தேன்.

"இன்னா எழுதிக்கீது? மூஞ்சி ஏன் இப்டி போவுது?"

"காயில் வேலைய வெளிய கொடுத்துடலாமாம். உங்க செக்‌ஷனே இருக்காது."

"அப்ப நாங்க?"

"உங்களப் பத்தி ஒரு வரியும் இல்ல."

மற்ற எல்லோருக்கும் சம்பள உயர்வு இருந்தது. அதனால்தான் சொன்னேன்: "உங்களுக்காக ஒரு ஆம்பளையும் கை தூக்க மாட்டாங்க."

"அத்த அவுங்க சொல்லட்டும். நீ இன்னாத்துக்கு சொல்ற?" என்று நகலை என் கையில் திணித்துவிட்டுப் போனாய்.

மறுநாள் ஷிப்ட் மாறும் நேரத்தில் கேட் மீட்டிங். தலைவர் பேசி முடித்துக் கழுத்தை லேசாக நீட்டினார். நீ மாலையோடு முன்னால் போனாய், போடவில்லை.

"மாலை எங்கயும் ஓடிடாது தலைவரே. பதினொண்ணாவதப் படிங்க, அப்பால போட்டுக்கலாம்."

"அதெல்லாம் இங்கிலீஷ்லம்மா. உனக்குப் புரியாது."

"புரியாதுதான். அதுக்குத்தான் காலேஜ இட்டாந்துகீறேன்."

சிரிப்பு எழுந்தது. நாலு பேர் முன்னால் வாய் திறந்து பழகாத என்னைப் பெஞ்சின்மேல் ஏற்றிவிட்டாய். அந்த ஷரத்தை வரி வரியாகத் தமிழில் சொன்னேன். முடித்தபோது ஆண்கள் எல்லோரும் தலைவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் நினைத்ததுதான் நடக்கப்போகிறது என்று இறங்கப் பார்த்தேன்.

லேத்தில் வேலை செய்த பட்டாபிராம்காரர்தான் முதலில் வாய் திறந்தார். "இன்னா தலைவரே, இவுங்க சோத்துல மண்ண அள்ளிப் போட்டு எங்களுக்கு பிரியாணியா? இந்தக் கையெழுத்து வாணாம்பா." அவர் கை உயர்ந்தது. பின்னால் இன்னொன்று. அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

தலைவரின் கார் கிளம்பிய தூசி அடங்குவதற்குள் நீ மாலையைப் பிரித்து உங்கள் பெண்கள் தலையில் ரோஜா வைத்தாய். மீதி ஒன்றை லேத்துக்காரரின் காதில் செருகினாய். "யம்மா, ஊட்ல கேட்டா இன்னா சொல்றது!" என்று பதறினாரே தவிர, அவர் அதை எடுக்கவில்லை.

அதன்பின் நிர்வாகத்தோடு பேச்சுவார்த்தைக்கு நீயும் லேத்துக்காரரும் போய் உட்கார்ந்தீர்கள். இழுத்தடித்தார்கள், நீங்கள் எழுந்து வரவில்லை. கடைசியில் சம்பள உயர்வு அப்படியே இருந்தது, பதினொன்றாவது ஷரத்து போனது. ஓய்வு பெறும் நாள்வரை நீ அதே பிரிவில்தான் காயில் சுற்றினாய். போன தையில் உன்னைக் கடைசியாக எடுத்துப் போனபோது, உனக்குப் பின்னால் அந்த வேலைக்கு வந்த பெண்கள் ஷிப்ட் முடிந்த கையோடு வந்து நின்றார்கள்.

நான் இன்றும் எதையும் எளிதில் நம்புகிறவள் இல்லை. தலைவர்களை நம்புவதே இல்லை. ஆனால் யாரும் கை தூக்க மாட்டார்கள் என்று மற்றவர்கள் சார்பில் நானே சொல்வதை மட்டும் விட்டுவிட்டேன். அன்று பெஞ்சின்மேல் நின்றிருந்ததால், உயர்ந்த கைகளை எல்லோரையும்விட நன்றாகப் பார்த்தவள் நான்.