தரை பிளக்கும் முன்பே

ஞாயிறு, இரவு.

மகள் கவி போனில் விளையாடும் வீடியோ கேமை நிஜ ஆட்களை வைத்துப் படமாக எடுத்திருக்கிறார்கள். இன்று அவளைப் புதுக்கோட்டை தியேட்டருக்குக் கூட்டிப்போனேன். பரீட்சை என்று போனைப் பீரோவில் வைத்துப் பூட்டிய பாவத்துக்கு.

படத்தில் ஒரு சின்னப் பெண் குகைக்குள் ஓடினாள்.

"அங்கிட்டு போகாதடி, குழி இருக்கு!" என்று கத்திவிட்டேன். அதன் பிறகுதான் தரையே பிளந்தது. கவி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

ஆலங்குடி திரும்பும் பஸ்ஸில் பாதி தூரம் வந்ததும், "நான் ஸ்கூலுக்குப் போனதும் நீ வெளாடுறியாம்மா? எந்த லெவல்?" என்றாள்.

அவள் நிற்பது பன்னிரண்டில்.

"ஒம்பது" என்றேன்.

அவள் முகம் அப்படி மலர்ந்தது. "நான் ஒனக்குச் சொல்லித் தாரேம்மா."

நாளை போனைத் தருவதாகச் சொல்லிவிட்டேன். அதில் என் பெயருக்கு நேரே லெவல் இருபது என்று இருக்கிறது. எப்படி அழிப்பதென்று தெரியவில்லை.