பௌர்ணமியன்று சுவிட்ச் தேர்வு

2006 ஜூலை 4, செவ்வாய்

வெயில். காற்று மட்டும் வருகிறது, மழையைக் காணோம்.

பகல் முழுவதும் வேங்கிக்கால் ஜெராக்ஸ் கடையில் மனு டைப் அடித்தது. சாயங்காலம் செங்கம் ரோடு, பஷீர் பாயின் பிரவுசிங் சென்டர். ஆன்லைன் வகுப்பு. சார் சென்னையில், நான் இங்கே. அங்கே இருக்கும் சுவிட்சுக்குள் இங்கிருந்து நுழைந்து வேலை செய்ய வேண்டும். அப்பாவுக்கு இன்னும் சுவிட்ச் என்றால் ஃபேன் போடுவதுதான். ஆபீஸ் கம்ப்யூட்டர்களை எல்லாம் இணைக்கிற பெட்டி என்று மறுபடியும் சொன்னேன். தலையாட்டினார். புரியவில்லை.

இன்று பெரிய தப்பு. கேபிள் செருகும் போர்ட்டுகளில் பயன்படாதவற்றை மூடச் சொன்னார் சார். வரிசையாக மூடிக்கொண்டே போய், நான் உள்ளே வந்த போர்ட்டையும் மூடிவிட்டேன். திரை அப்படியே உறைந்தது.

"யாரு அது, நாலாவது சுவிட்ச்?"

"நான்தான் சார், வளர்மதி."

"வந்த வழியையே அடைச்சிட்டு வெளிய நிக்கறீங்க. இப்ப நான் எழுந்து போய் அதை ஆஃப் பண்ணி ஆன் பண்ணணும்."

மற்றவர்கள் சிரித்தது ஹெட்போனில் கேட்டது. சிரிக்கட்டும். இனி எதை மூடினாலும் முதலில் நான் எங்கே நிற்கிறேன் என்று பார்ப்பது.

ஜூலை 6, வியாழன்

இன்றைய பாடம்: ஒரே சுவிட்சை இரண்டாகப் பிரிப்பது. கணக்குப் பிரிவு தனி, விற்பனைப் பிரிவு தனி. ஒரே பெட்டி, ஒரே கரண்ட். ஆனால் இவர்கள் அனுப்புவது அவர்களுக்குப் போகாது. மேலே ஒருவர் அனுமதித்தால்தான் போகும்.

சார் இதை ஒரு மணி நேரம் விளக்கினார். எனக்கு ஐந்து நிமிடத்தில் புரிந்துவிட்டது. ஒரே பஞ்சாயத்தில் ஊரும் காலனியும். இதற்குப் படம் வேறு போட வேண்டுமா?

தலைவலி. ஹெட்போன் ஒரு காதில்தான் கேட்கிறது. பாயிடம் சொல்ல வேண்டும்.

ஜூலை 7, வெள்ளி

தேர்வு திங்கட்கிழமை, நாலிலிருந்து ஆறு. பாஸ் பண்ணுகிறவர்களைச் சென்னையில் ஒரு கம்பெனி நேர்காணலுக்குக் கூப்பிடும். தவறினால் அடுத்த பேட்ச், அது எப்போது என்று சாருக்கே தெரியவில்லை.

திங்கள் கலெக்டர் ஆபீசில் குறைதீர் நாள். ஜெராக்ஸ் கடையில் நிற்க இடம் இருக்காது. அதோடு பௌர்ணமி, கிரிவலக் கூட்டம். இரண்டும் ஒரே நாளில்.

கடை முதலாளியிடம் பாதி நாள் லீவு கேட்டேன். "திங்கக்கிழமையா? வேற கெழமையே கெடைக்கலையா உனுக்கு?" என்றார். போவேன் என்றேன். இந்த முறை கேட்கவில்லை, சொன்னேன்.

ஜூலை 8, சனி

பாய் கையை விரித்துவிட்டார்.

"பௌர்ணமி அன்னிக்கு சென்டர் ஏதும்மா? மெஷின் எல்லாம் மாடிக்கு ஏத்திடுவேன். அன்னிக்கு இது செருப்பு வெக்கற எடம்."

"ஒண்ணே ஒண்ணு விட்டு வைங்க பாய். மூலையில."

"மலை சுத்த வர்ற ஜனம் செருப்பை எங்க விடும்? தொழுவப் போனாலும் செருப்பு, இங்க வந்தாலும் செருப்பு. என் பொழப்பே செருப்பாப் போச்சு." சிரித்தார். பிறகு தீவிரமாக, "இன்னொண்ணு. போனும் நெட்டும் ஒரே லைன். ரெண்டையும் பிரிக்கற டப்பா போயிடுச்சு. போனைத் தூக்கினா நெட் கட்டாயிடும். அன்னிக்குப் போன் பேச வர்ற கூட்டம் ஜாஸ்தி."

யோசிக்கிறேன் என்றார்.

ஜூலை 9, ஞாயிறு

காலையில் ஆசிரமம் பக்கம் ஒரு காபி கடை. உள்ளே வெள்ளைக்காரர்கள், வேகமான நெட், ஜெனரேட்டர். நல்ல சுடிதார் போட்டுத்தான் போனேன். கல்லாவில் இருந்தவன் நம் ஊர்க்காரன்தான்.

"கெஸ்ட்டுக்கு மட்டும்தான்."

"நானும் காசு குடுக்கறேன்."

"லோக்கல் ஆளுங்களுக்குக் குடுக்கறதில்ல. எந்த ஊரு நீ?"

கீழ்பென்னாத்தூர் என்றேன். அங்கே எந்தத் தெரு என்றான். நெட்டுக்கும் தெருவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். சில்லறையை எண்ண ஆரம்பித்தான். வெளியே வந்தேன். அழவில்லை. பல்லைக் கடித்ததில் தாடை வலிக்கிறது.

நேரே பாய் கடை. முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, "மூலையில ஒண்ணு விடறேன், வா. போன் ரிப்பேர்னு அட்டை மாட்டிடறேன்" என்றார்.

ஜூலை 10, திங்கள்

மதியம் வரை மனு. பட்டா கேட்டு மாதாமாதம் வரும் அம்மா இன்றும் வந்தது. தேதியை மட்டும் மாற்றி அடித்துக் கொடுத்தேன். பிறகு கிளம்பிவிட்டேன். முதலாளி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பஸ் எதையும் ஊருக்குள் விடவில்லை. நடை. நாலுக்கு உட்கார்ந்தாயிற்று. மூன்று பக்கமும் செருப்பு மூட்டை, தோல் நாற்றம், ஸ்பீக்கரில் பாட்டு. மொத்தம் மூன்று கேள்வி. பிரிப்பது முடிந்தது. இரண்டு பிரிவையும் மேலாளர் மட்டும் பார்க்கும்படி செய்வதும் பாதிக்கு மேல் வந்துவிட்டது.

அப்போது போளூர் பக்கத்து அம்மா ஒன்று. அட்டையைப் படிக்கவில்லை, படிக்கத் தெரியாது.

"எங்க வூட்டுக்காரரு கூட்டத்துல எங்க போனாருன்னு தெரியல பாய். நெஞ்சு வலி மாத்திரை என் பையில இருக்குது. பையன் நம்பரு இருக்குது. அவருகிட்டயும் செல்லு இருக்குது, நம்பரு அவனுக்குத்தான் தெரியும்."

பாய் என்னைப் பார்த்தார். எனக்குக் கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை.

"ஒரு நிமிஷம்மா." செய்ததை எல்லாம் சுவிட்சிலேயே சேமித்தேன். அது முடிந்தது என்று திரையில் வந்ததும், "எடுங்க" என்றேன்.

நெட் போனது.

பையன் இன்னொரு போனில் அப்பாவைப் பிடித்துவிட்டான் போல, ஏதோ தண்ணீர்ப் பந்தலில் இருக்கிறாராம். அந்த அம்மா மூச்சு விட்டது. அதோடு வைக்கவில்லை.

"மாட்டைக் கறந்தியாடா? தவுடு கலந்து வெச்சியா?"

"அம்மா, வெச்சிடுங்கம்மா."

"இதோ வெச்சிட்டேன் தாயீ. டேய், கன்னுக்குட்டிய அவுத்து..."

பாயே வாங்கி வைத்தார்.

மறுபடி நுழைந்தேன். சேமித்தது அப்படியே இருந்தது. கடைசிக் கேள்வி, வெளியிலிருந்து ஒரே ஒரு கம்ப்யூட்டரின் முகவரி மட்டும் உள்ளே வரலாம் என்பது. எழுத்துப் பிழை, மறுபடி. முடிக்கும்போது ஆறு. சரிபார்க்க நேரம் இல்லை.

சார் எழுதினார்: "நடுவுல காணாமப் போயிட்டீங்க. அடுத்த தடவை நல்ல எடமாப் பார்த்து உட்காருங்க."

எழுதினேன்: "நல்ல எடத்துல நேத்து கேட்டேன் சார். லோக்கல் ஆளுங்களுக்கு இல்லையாம்."

செருப்பு மூட்டைகளைத் தாண்டி வெளியே வந்தேன்.

ஜூலை 12, புதன்

ரிசல்ட் இல்லை. ஜெராக்ஸ் கடையில் என் நாற்காலியில் வேறு பெண். பரவாயில்லை. பரவாயில்லை என்று எழுதினாலும் நாள் முழுக்க அதே ஞாபகம்.

ஜூலை 13, வியாழன்

மெயில் வந்துவிட்டது. முதல் இரண்டும் சரி. மூன்றாவதில் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது. ஆனாலும் பாஸ். சனிக்கிழமை காலை சென்னையில் நேர்காணல். பாய் இரண்டு முறை படித்துக் காட்டச் சொன்னார்.

வீட்டில் சொன்னேன். அப்பா தான் ஓட்டும் வேனைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா வேலை?"

"எங்கயோ இருக்கற மெஷினை, எழுந்து போவாம, உட்கார்ந்த எடத்துலேர்ந்தே சரி பண்றதுப்பா."

அப்பா துணியைப் பிழிந்தார். "அப்ப இங்கயே உட்கார்ந்து பண்ணலாமே. அதுக்கு எதுக்கு மெட்ராஸ் போவணும்?"

இதற்குப் பதில் சாரிடம் இருக்காது, மெயில் அனுப்பியவர்களிடமும் இருக்காது.

சனிக்கிழமை அவர்கள் கேட்டு முடித்ததும், நான் இதைக் கேட்கிறேன்.