மூன்று இருக்கை விமானம்

பள்ளிபாளையம்,
12.8.1979

அன்புள்ள மாமாவுக்கு,

வீட்டில் எல்லோரும் சுகம். நம் சௌந்திரத்துக்குச் சளி விட்டுவிட்டது. நான்தான் இன்னும் அவள் தூங்கும்போது மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நாலு வயசுப் பிள்ளைக்கு மூச்சு தானாக வரும் என்கிறார் அத்தை. பி.எஸ்ஸி. படித்தவளுக்கு அது தெரியாதா? தெரிந்தும் மனசு கேட்கவில்லை. தறிச் சத்தம் அடங்கின பிறகுதான் எனக்கு எழுதவே வருகிறது.

பார்சல் வந்தது. நீங்கள் செய்த விமானம் பஞ்சுக்குள் பத்திரமாக இருந்தது. தறிப் பட்டறை ஆட்கள் எல்லோரும் வந்து பார்த்தார்கள். "பைலட்டய்யா அவரு ஓட்டுற பிளேனையே அனுப்பிச்சிருக்காருங்க" என்றான் சின்னான். அவர் ஓட்டுகிறவர் இல்லை, விமானப்படையில் விமானத்தின் உடம்பைப் பழுது பார்க்கிற ஃபிட்டர் என்று சொல்ல வாயெடுத்தேன். அத்தை இடுப்பில் கிள்ளினார். "உடு கண்ணு. கேக்கறக்கு நல்லாத்தான இருக்குது."

ஒன்று கேட்கணும். வாலில் வரைந்திருக்கும் கொடி எந்த நாட்டுடையது? அட்லஸ் முழுக்கத் தேடிவிட்டேன்.

இன்னொன்று. குடும்பக் குவார்ட்டர்ஸ் வரிசையில் உங்கள் முறை வருகிற பங்குனிக்குள் வந்துவிடும் என்று சொன்னீர்கள். எந்த மட்டில் இருக்கிறது? பெரிய வீடு வேண்டாம். ஒரு அறை போதும். நீங்கள் வேலை முடிந்து வருகிற வாசல் ஒன்று வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள்
வசந்தாமணி


மே/பா. 56 ஏ.பி.ஓ.
2.9.1979

அன்புள்ள வசந்தாவுக்கு,

அட்லஸில் தேடினாய் என்று படித்ததும் பக்கத்துக் கட்டில் வீரபாகுவிடம் சொல்லிச் சிரித்தேன். அந்த நாடு எங்கேயும் கிடையாது. நானும் அவனும் உண்டாக்கியது.

நான் அனுப்பியது மாருத். நம் நாட்டிலேயே செய்த விமானம். நான் தினமும் துடைத்துத் திருகுகிற அதே விமானம். அழகான உடம்பு. அந்த உடம்புக்குத் தகுந்த எஞ்சின் மட்டும் கடைசிவரை அமையவில்லை. அமைந்திருந்தால்? பின்பக்கம் கொஞ்சம் பருத்திருக்கும். காற்று இழுக்கிற வாய் அகன்றிருக்கும். வெளிநாட்டுக்காரர்கள் வரிசையில் நின்று வாங்கியிருப்பார்கள். அப்படி வாங்கிய நாட்டின் கொடிதான் அது. இந்த மாதிரி விமானங்களுக்கு 'ஒருவேளை' என்று பெயர் வைத்திருக்கிறோம்.

நிஜ அளவில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. உடைந்த இரண்டு பிளாஸ்டிக் பொம்மை விமானங்களை அறுத்து ஒட்டினேன். இடைவெளியில் வார்னிஷையும் முகப் பவுடரையும் குழைத்துப் பட்டி பார்த்தேன், நம்மூரில் லாரிக்குப் பார்ப்பார்களே அது மாதிரி. உப்புத்தாள் தேய்த்துத் தேய்த்து என் விரல் ரேகையே போய்விட்டது.

குவார்ட்டர்ஸ் முறை வரும். கொஞ்சம் பொறு.

பிள்ளைக்கு முத்தம்.
அர்த்தநாரி


பள்ளிபாளையம்,
20.10.1979

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் மகள் செய்கிற கூத்தைக் கேளுங்கள். விமானத்துக்குள் குண்டூசித் தலை அளவு முகத்தோடு ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான் அப்பாவாம். காலையில் எழுந்ததும் கண்ணாடி மூடியில் கண்ணை வைத்து, "அப்பா, பல்லு வெளக்கிட்டியா?" என்று கேட்கிறாள். நேற்று மூடியெல்லாம் சோற்றுப் பருக்கை. நான்தான் ஈரத்துணியால் துடைத்தேன்.

"உங்கப்பா என்னைவிட உசரம் கண்ணு" என்றேன்.

"தூரத்துல இருந்தா சின்னதாத் தெரியும்னு நீதான சொன்ன" என்றாள்.

ஆகாயத்தில் போன விமானத்தைக் காட்டி என்றைக்கோ நான் சொன்ன பாடம். அத்தை விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். அப்புறம் கிணற்றடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

போட்டோவைக் காட்டினால் "இது ஆரோ மாமா" என்கிறாள். பொங்கலுக்கு லீவு கிடைத்தால் கட்டாயம் வாருங்கள். முறை என்ன ஆயிற்று என்று எழுதவில்லையே.

உங்கள்
வசந்தாமணி


மே/பா. 56 ஏ.பி.ஓ.
30.1.1980

அன்புள்ள வசந்தாவுக்கு,

வந்து சேர்ந்தேன். நீ கட்டிக் கொடுத்த முறுக்கு நாக்பூர் வரைக்கும் வந்தது.

பிள்ளையை நீ திட்டாதே. லீவு முழுக்க உன் சேலைக்குள்ளிருந்து என்னைப் பார்த்தாள். நான் தூக்கினால் உடம்பை விறைத்துக்கொண்டாள். "நான்தான் சாமி உன்ற அப்பா" என்று மண்டி போட்டுச் சொன்னேன். ஓடிப்போய் விமானத்தை எடுத்து வந்து உள்ளே காட்டி, "அப்பா இங்கிருக்குது. நீ ஆரு?" என்றாள். கிளம்புகிற அன்று, ஊருக்குப் போகிறேன் என்றதும் சந்தோஷமாகக் கை ஆட்டினாள். விருந்தாளிக்கு ஆட்டுகிற மாதிரி.

ரயிலில் வரும்போதே இதற்கு ஒரு வழி யோசித்துவிட்டேன். புதிதாக ஒன்று செய்யப்போகிறேன். கொஞ்சம் நாளாகும். முடிந்ததும் அனுப்புகிறேன்.

அர்த்தநாரி


பள்ளிபாளையம்,
4.5.1980

அன்புள்ள மாமாவுக்கு,

நண்பர் வீரபாகு லீவில் தூத்துக்குடிக்குப் போகிற வழியில், நீங்கள் கொடுத்துவிட்டதை நேரில் கொண்டுவந்து கொடுத்தார். அவர் மனைவி அங்காளம்மாளும் கூட வந்திருந்தார்.

பிரித்துப் பார்த்தேன். மூக்கை நீட்டி, ஒன்றன்பின் ஒன்றாக மூன்று இருக்கை. முன்னால் நீங்கள். நடுவில் சிவப்பு ரிப்பனோடு ஒரு பொடிசு. பின்னால் அரக்குச் சேலையில் நான். கல்யாணச் சேலையின் நிறம் உங்களுக்கு நினைவிருக்கிறது. என் ஜடையைக்கூட ஒற்றை மயிர்த் தூரிகையால் வரைந்திருக்கிறீர்கள். "அம்மா, நாமளும் அப்பாகிட்டப் போயிட்டோம்" என்று சௌந்திரம் குதித்தாள்.

அங்காளம்மாள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "ஒங்க வீட்டுக்காரர் எங்களுக்குத் தெய்வம் மாதிரிக்கா. அவர் முறையை எங்களுக்கு விட்டுக்குடுக்கலேன்னா எங்களுக்கு ஏது வீடு? சித்திரைக்கு முந்தியே குடிபோயிட்டோம். ஜன்னல்ல நல்ல காத்து" என்றார். அத்தை என் முகத்தைப் பார்க்காமல் காபி கலக்க உள்ளே போய்விட்டார். ரொம்பச் சந்தோஷம் என்று சொல்லி அவருக்குக் குங்குமம் கொடுத்தனுப்பினேன்.

உங்களிடம் ஒரு அறை கேட்டேன். நீங்கள் மூன்று இருக்கை வைத்து ஒரு விமானம் அனுப்பியிருக்கிறீர்கள்.

இந்த ஒருமுறை விமானத்தைப் பற்றி எதுவும் எழுதாமல் பதில் எழுதுங்கள். ஏன்?

வசந்தாமணி


மே/பா. 56 ஏ.பி.ஓ.
25.5.1980

அன்புள்ள வசந்தாவுக்கு,

பலமுறை எழுதிக் கிழித்தேன். மாசியில் முறை வந்தது. வேண்டாம் என்று சொன்னால் வரிசையின் கடைசிக்குப் போகவேண்டும். தெரிந்துதான் சொன்னேன். வீரபாகுவுக்காக விட்டுக்கொடுத்தேன் என்று எழுதினால் நீ நம்புவாய். ஆனால் அது நிஜமில்லை.

ஊரில் எனக்குப் பெயர் பைலட். இங்கே நான் விமானம் நிறுத்தும் ஹாங்கர் தரையில் மல்லாந்து கிடந்து, முகத்தில் எண்ணெய் சொட்டச் சொட்ட திருகாணி முடுக்குகிறவன். ஒரு ஸ்பானர் கணக்கில் குறைந்தால், தம்பி வயசு அதிகாரி எல்லோர் முன்னாலும் நிறுத்தி வைத்துக் கேட்பார். குவார்ட்டர்ஸ் ஜன்னலிலிருந்து அந்த ஹாங்கர் வாசல் தெரியும். காலேஜ் படித்த நீ அங்கே நின்று அதைப் பார்ப்பாய் என்று நினைத்தபோது கை நீட்டி அந்தச் சாவியை வாங்க முடியவில்லை.

ஆனால் நீங்கள் வந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைக்காத நாள் இல்லை. மணலில் கோலம் நிற்காமல் நீ சலித்திருப்பாய். சௌந்திரம் என் தொப்பியைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருப்பாள். சாயங்காலம் மூன்று பேரும் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் நடந்திருப்போம்.

மறுபடி பெயர் கொடுத்திருக்கிறேன். இரண்டு மூன்று வருஷம் ஆகலாம். கோபித்துக்கொள்ளாதே.

உன்
அர்த்தநாரி


பனமரத்துப்பட்டி,
22.6.1980

அன்புள்ள மாமாவுக்கு,

மேலே ஊர் மாறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சராகச் சேர்ந்திருக்கிறேன். சௌந்திரத்தையும் அங்கேயே சேர்த்தாயிற்று. ஏரிக்குப் போகிற தெருவில் ஓர் அறையும் சமையல்கட்டும் வாடகைக்குப் பிடித்திருக்கிறேன். புது இடம் என்று பயந்து முதல் வாரம் கதவுக்கு உள்பக்கம் அம்மிக்கல்லை நகர்த்தி வைத்துத்தான் படுத்தேன். இப்போது தாழ்ப்பாள் மட்டும் போடுகிறேன்.

அத்தை தடுக்கவில்லை. "போறதுன்னா போ சாமி. கேக்கறவங்ககிட்ட நான் என்னன்னு சொல்றது?" என்றார். "குவார்ட்டர்ஸ் கெடச்சிருச்சுன்னு சொல்லிப்போடுங்க அத்தை" என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் அரிசி மூட்டையைத் தானே தைத்து பஸ்ஸில் ஏற்றிவிட்டார்.

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நீங்கள் திட்டு வாங்குவதை ஜன்னலிலிருந்து பார்த்திருந்தால் அன்றைக்கு டீயில் ஒரு கரண்டி சர்க்கரை கூடப் போட்டிருப்பேன். வேறென்ன செய்துவிடுவேன் என்று பயந்தீர்கள்? கட்டிக்கொள்ளும்போதே நீங்கள் ஃபிட்டர் என்று எனக்குத் தெரியும். போன வாரம் பாடத்திட்டம் எழுதாததற்கு ஹெட்மாஸ்டர் பிள்ளைகள் முன்னாலேயே என்னைக் கேட்டார். சௌந்திரமும் அந்த வராந்தாவில்தான் நின்றாள். வீட்டுக்கு வந்து, "அம்மா, நாளைக்கு மறக்காம எழுதிரு" என்றாள். அவ்வளவுதான் நடந்தது.

'வந்திருந்தால்', 'நின்றிருப்பாள்', 'நடந்திருப்போம்' என்று எழுதியிருக்கிறீர்கள். நாங்கள் உயிரோடுதான் இருக்கிறோம், மாமா. கூப்பிட்டிருந்தால் வந்திருப்போம். உங்களுக்கு நடக்காததுதான் கைக்கு வசமாக வருகிறது. எனக்கு அதோடு குடித்தனம் நடத்தத் தெரியவில்லை.

கோபம் இல்லை. கோபம் இருந்தால் எழுதியிருக்க மாட்டேன். குவார்ட்டர்ஸ் பற்றி இனிமேல் கேட்கவும் மாட்டேன். சௌந்திரத்தை உங்கள் மடிக்கு அனுப்பி வைக்கவும் மாட்டேன். அவளாக வந்தால் வரட்டும்.

லீவில் வருவதென்றால் ஈரோட்டில் இறங்கவேண்டாம். சேலம் ஜங்ஷனில் இறங்கி டவுனுக்கு வந்தால் இந்த ஊருக்குப் பஸ் இருக்கிறது. டீச்சர் வீடு என்று கேட்டால் காட்டுவார்கள்.

வாடகை பேசும்போது வீட்டுக்காரம்மா, "எத்தன பேருங்க இருப்பீங்க?" என்று கேட்டார். இரண்டு பேர் என்றேன். கூட ஆள் வந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டுமாம், தண்ணீருக்காக. அதனால் எழுதிவிட்டு வாருங்கள்.

வசந்தாமணி