மூச்சு நின்றவருக்குத் தெரியாது

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் தம்பியும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். நீ நலமா என்று மட்டும் இந்த முறை கேட்கப் போவதில்லை. கேட்டால் நல்லா இருக்கேம்மா என்பாய், உதடு நீலம் பாய்ந்து கிடந்தபோதும் அதைத்தானே சொன்னாய். போனில் இந்தப் பேச்சை எடுத்த உடனே உன் பக்கம் சிக்னல் போய்விடுகிறது, அதனால்தான் பேனாவை எடுத்தேன், காகிதத்துக்கு சிக்னல் தேவையில்லை. கோபம் வந்தால் கசக்கிப் போடு, ஆனால் கடைசி வரை படித்துவிட்டுக் கசக்கு.

முதலில் வீட்டுச் செய்தி. துணி துவைக்கும் மெஷின் மறுபடியும் மக்கர் பண்ணுகிறது, பார்க்க வந்தவர் ஒரு சாமானைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனார், இன்னும் வந்தபாடில்லை, நான் கையால் துவைத்துத் துவைத்து விரல் சுருங்கிப் போய்க் கிடக்கிறேன். தம்பி புதுக் கடையில் சேர்ந்ததிலிருந்து வீட்டில் யாருக்கும் முகம் காட்டுவதில்லை, சாப்பிட்ட தட்டு மட்டும்தான் அவன் வந்து போனதற்குச் சாட்சி. அப்பா ஸ்கூல் பஸ்ஸைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்ததும் இப்போது புதுசாக ஒரு வேலை வைத்திருக்கிறார். நீ நீச்சல்குளத்தில் எவ்வளவு நேரம் மூச்சடக்கினாய் என்று கேட்டதிலிருந்து, என் பொண்ணு என் பொண்ணு என்று பஸ்ஸில் ஏறும் பிள்ளைகளிடம்கூடப் பெருமை அடித்துவிட்டு, சோபாவில் மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார். அதோடு விட்டாலும் பரவாயில்லை, போன வாரம் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு வாளித் தண்ணீரில் முகத்தை விட்டிருக்கிறார். கதவைத் தட்டுகிறேன், தட்டுகிறேன், பதிலே இல்லை. கடைசியில் சொட்டச் சொட்டத் தலையோடு கதவைத் திறந்து, என்ன அவசரம், பாதியிலே கெடுத்துட்டியே என்கிறார். நீ அவர் பெண்தான், அதில் யாருக்கும் சந்தேகம் வராது.

என் வேலை உனக்குத் தெரியாததா. மருத்துவமனையில் அந்த மூச்சுப் பரிசோதனை அறையில் உட்கார்ந்து, குழாயை வாயில் கொடுத்து, ஊதுங்க ஊதுங்க, விடாதீங்க, இன்னும் இன்னும் என்று ஊரையெல்லாம் ஊதச் சொல்லியே என் மூச்சு போகிறது. வெளியே இருந்து கேட்டால் உள்ளே பஸ் ஸ்டாண்டோ என்று நினைப்பார்கள், அவ்வளவு சத்தம் போடுகிறேன். ஒரு படிக்கட்டு ஏறத் திராணி இல்லாமல், கால் மூச்சுக்கும் அரை மூச்சுக்கும் தவிக்கிறவர்களைப் பார்த்துப் பார்த்துப் பழகின கண் இது. இப்படிப்பட்ட அம்மா பெற்ற பெண் நீ, நன்றாக வருகிற மூச்சை வேண்டுமென்றே நிறுத்தி வைத்துக்கொண்டு, ஈட்டித் துப்பாக்கியோடு கடலுக்கடியில் மீனைத் துரத்துகிறாய். சரி, அது உன் ஆசை, நான் வேண்டாம் என்று சொன்னதே இல்லை. முறையாகக் கற்றுக்கொள்கிறேன் என்றாய், சந்தோஷப்பட்டேன். வகுப்பில் சேர்ந்த புதிதில் நீதானே எனக்குப் போனில் பாடம் எடுத்தாய். மூச்சு முட்டுவது காற்று தீர்ந்துபோனதால் இல்லைம்மா, கெட்ட காற்று உள்ளே சேர்வதால்தான், இறங்குவதற்கு முன்னால் வேகவேகமாக மூச்சு வாங்கினால் அந்தக் கெட்ட காற்று வெளியேறி முட்டலே தெரியாமல் போய்விடும், நல்ல காற்று அது பாட்டுக்குத் தீர்ந்துகொண்டிருக்கும், சொல்லாமல் கொள்ளாமல் மயக்கம் வந்துவிடும், அதனால் அப்படிச் செய்யவே கூடாது என்றாய். எங்கள் டாக்டரம்மாவிடம் சொன்னபோது, உங்க பொண்ணு கரெக்டா சொல்லியிருக்காங்க என்றார், எனக்கு அன்று முழுக்கத் தலைகால் புரியவில்லை.

அப்படிப்பட்டவள், மாப்பிள்ளையோடு கடலுக்குப் போன அன்றைக்கு என்ன செய்தாய். மாப்பிள்ளை சொன்னதைத்தான் எழுதுகிறேன், தப்பாக இருந்தால் திருத்து, ஆனால் உன்னால் திருத்த முடியாது, ஏன் என்று பின்னால் சொல்கிறேன். பாறைப் பொந்துக்குள் பெரிய மீன் ஒன்றைப் பார்த்திருக்கிறாய். இரண்டு முறை இறங்கியும் கிடைக்கவில்லை. மேலே வந்து சரியாக ஓய்வுகூட எடுக்காமல், புசுபுசுவென்று மூச்சு வாங்கிக்கொண்டு மூன்றாவது முறை இறங்கியிருக்கிறாய், இந்தத் தடவை முட்டலே இல்லாமல் சுகமாக இருந்தது என்று நீயே என்னிடம் சொன்னாய். அந்தச் சுகம்தான் ஆபத்து என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவளே நீதானே, பாவி. மேலே வந்தாய், விரலை வளைத்து நல்லா இருக்கேன் என்று சைகை காட்டினாய், அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உடம்பு வெடவெடவென்று நடுங்கி, தலை தொங்கி முகம் தண்ணீருக்குள் போயிற்று. அவர் ஒரே வீச்சில் நீந்தி வந்து தாடையைத் தூக்கிப் பிடித்து, முகத்தில் மாட்டியிருந்த நீச்சல் கண்ணாடியைக் கழற்றி, கன்னத்தில் தட்டி, மூச்சு விடு மூச்சு விடு என்று கத்தியிருக்கிறார். நீ கண்ணைத் திறந்ததும் சொன்ன முதல் வார்த்தை, எதுக்கு என்னைப் பிடிக்கிறீங்க, நான் நல்லாத்தானே இருக்கேன்.

அதிலிருந்து பிடித்தது வீம்பு. அப்படி ஒன்றும் நடக்கவே இல்லை, சைகை காட்டினது எனக்கு ஞாபகம் இருக்கு, நடுவில் எதுவும் விட்டுப்போகலை, நான் அவரைவிட அதிக நேரம் அடக்கறேன்னு அவருக்குப் பொறாமைம்மா என்று ஒற்றைக்காலில் நிற்கிறாய். அவர், அத்தை நீங்களாவது சொல்லுங்க, இனிமே நான் அவகூட இறங்க மாட்டேன், பாக்க முடியல என்று போனில் கெஞ்சுகிறார். உடனே அவர்மேல் எனக்கு ஒரு கோபம், பார்க்க முடியவில்லை என்று ஒதுங்கினால் யார்தான் பார்ப்பது. அதையும் அவரிடமே சொல்லிவிட்டேன், மாமியார் என்றால் கொஞ்சமாவது சத்தம் போட வேண்டும். நீயோ அதைவிட மேல். ஆபீஸ் சிநேகிதியைப் படகில் உட்கார வைத்துவிட்டு இறங்கப் போகிறாயாம். அவளுக்கு நீச்சல் தெரியாது என்று சிரித்துக்கொண்டே சொல்கிறாய். நீ உள்ளே போனதும் அவள் செல்போனைப் பார்ப்பாள், நீ மேலே வந்து மயங்கினாலும் செல்போனைத்தான் பார்ப்பாள். அவளைக் காவலுக்கு வைப்பதும் வெறும் படகை விடுவதும் ஒன்றுதான். கடல் கொந்தளிப்பாக இருக்கிறது, இந்த வாரம் இறங்க முடியாது என்று அலுத்துக்கொண்டாய். அந்தக் கடலுக்குக் கோடி புண்ணியம். அது அடங்குவதற்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துசேர வேண்டும் என்றுதான் அடித்துப் பிடித்து எழுதுகிறேன்.

இப்போது உன்னால் ஏன் திருத்த முடியாது என்று சொல்கிறேன். உன் அப்பாவின் குறட்டை உனக்குத் தெரியும், சுவர் தாண்டிப் போகும். நடுவில் திடீரென்று சத்தம் நின்றுவிடும், மூச்சும் நின்றுவிடும். நான் முழித்துக்கொண்டு காத்திருப்பேன், வராது. முதுகில் ஒரு தட்டுத் தட்டுவேன், ஹக் என்று இழுத்துக்கொண்டு ஒருக்களித்துப் படுப்பார். கல்யாணமான நாளிலிருந்து இதே கதை. காலையில் கேட்டால், நான் எங்கே தூங்கினேன், முழிச்சுக்கிட்டேதானே இருந்தேன், நீ சும்மா தட்டுறே என்பார். நான் ஒருமுறை என் அறைக்கே கூட்டிக்கொண்டு போய் டாக்டரம்மாவிடம் காட்டினேன், அவர் முன்னாலும் சாதித்தார், எனக்குக் குறட்டையே கிடையாது டாக்டர், இவளுக்குத்தான் தூக்கம் பத்தல என்று. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அங்கேயே ஒரு குழாயை எடுத்து அவர் வாயில் வைத்திருப்பேன். ஆனால் அவர் பொய் சொல்லவில்லையடி. அவருக்கு நிஜமாகவே தெரியாது. மூச்சு நின்றவருக்கு அது நின்றது தெரியவே தெரியாது, பக்கத்தில் முழித்திருப்பவருக்குத்தான் தெரியும். மயங்கினவர்கள் நான் மயங்கவே இல்லை என்று சண்டை பிடிப்பதை எங்கள் மருத்துவமனையில் தினம் பார்க்கிறேன், அந்தக் கொஞ்ச நேரம் அவர்கள் கணக்கில் இருப்பதே இல்லை. அன்றைக்கு உனக்கு ஞாபகம் இருப்பது முன்னும் பின்னும்தான், நடுவில் இருந்தது மாப்பிள்ளையிடம் இருக்கிறது. அவர் சொன்னால்தான் உண்டு.

அதனால் நான் கேட்பது கொஞ்சம்தான். முதலில் கடலை மறந்துவிட்டு ஒரு டாக்டரிடம் போய் நடந்ததைச் சொல், மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போ, உன் வாயால் சொன்னால் பாதிதான் வரும். அந்த டாக்டர் சரி என்கிற வரை தண்ணீரில் மூச்சை அடக்காதே. மூச்சை வளர்க்கத்தான் வேண்டும் என்றால் அதற்கும் அவர் சரி சொன்ன பிறகு, வீட்டில் கட்டிலில் படுத்துக்கொண்டு பழகு, வயிறு ஏறி இறங்க நிதானமாக மூச்சு விட்டு, உடம்பைத் தளர்த்தி, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு, அதில் மயங்கினாலும் மெத்தைதான். குளியல் தொட்டி, வாளி, குளம், எதிலும் தனியாக வேண்டாம், இதை அப்பாவுக்கும் சொல்லியாகிவிட்டது. கடலில் ஒருவர் கீழே என்றால் ஒருவர் மேலே, கைக்கெட்டும் தூரத்தில், நீந்தத் தெரிந்தவராக. உள்ளே இருந்த நேரத்தைப்போல இரண்டு மடங்காவது மேலே ஓய்வு எடு. மீன் பொந்துக்குள் போனால் போகட்டும், அதுவும் நாலு நாள் பிழைத்துப் போகட்டும், இன்னும் கொஞ்சம் என்று தோன்றுகிற நேரம்தான் மேலே வருகிற நேரம். வந்ததும் சைகை காட்ட அவசரப்படாதே, முதலில் மூச்சு வாங்கு, வாங்கின பிறகு நல்லா இருக்கேன் என்று சொல். எனக்கு இல்லை, மேலே நிற்கிறவருக்கு. அதற்குப் பிறகும் அவர் அரை நிமிஷம் உன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார், நிற்கட்டும், நீயும் நில்.

நீங்கள் இருவரும் பேசிக்கொள்ளாமல் இருப்பதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை, நானும் அப்பாவும் பேசாமல் இருந்த நாட்களைச் சேர்த்தால் உன் வயசுக்கு வரும். அந்த நாட்களிலும் நான் தட்டாமல் இருந்ததில்லை. கோபம் பகலோடு சரி. மாப்பிள்ளையின் பேச்சை நீ நம்ப வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை, உன் அப்பா இன்று வரை என்னை நம்பவில்லை, அதனால் ஒன்றும் குறைந்துபோகவில்லை. எனக்குத்தான் மனசு ஆறவில்லை. இவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு உன் முதுகில் ஒரு தட்டுத் தட்ட எனக்குக் கை நீளவில்லையே என்று அழுகை பொத்துக்கொண்டு வருகிறது.

நீங்கள் இருவரும் நெடுங்காலம் சேர்ந்திருந்து சண்டை போட வேண்டும், அதுதான் என் ஆசீர்வாதம். டாக்டரிடம் போன விவரத்தை மாப்பிள்ளையைவிட்டுச் சொல்லச் சொல், நீ சொன்னால் நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

இப்படிக்கு,
கோபம் தீராத உன் அம்மா

ஓரத்தில் அப்பா எழுதுவது: அம்மா எழுதியதையெல்லாம் படித்தேன். எனக்குக் குறட்டை கிடையாது, மூச்சும் நிற்பதில்லை. ஆனாலும் அவள் தட்டினால் திரும்பித்தான் படுக்கிறேன். நீயும் அப்படியே செய்யம்மா.