சுவருக்கான அளவு

பிப்ரவரி 3, திங்கள்

துடியலூரிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். மேட்டுப்பாளையம் அடிவாரத்தில் குடிநீருக்காக வெடி வைத்துச் சுரங்கம் குடைகிறார்கள். அங்கே தூசி, சத்தம், அதிர்வு மூன்றையும் அளப்பது என் வேலை. இன்றும் எல்லாம் அளவுக்குள். ஆனாலும் பக்கத்துத் தோட்டத்து வள்ளியாத்தாள் அக்கா மறுபடி வந்து, "ஊடு ஆடுதுங்க அம்மணி" என்றார். அவர் மகள் லோகப்பிரியா தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள்.

பிப்ரவரி 6

அதிர்வு அளக்கும் மெஷினை அவர்கள் வீட்டுக்குள்ளேயே வைத்தேன். மத்தியானம் வெடி. காட்டியது நொடிக்கு மூன்று மில்லிமீட்டர்; விதிப்படி ஐந்து வரை போகலாம். அக்காவிடம் சொன்னேன்.

"அப்ப நாங்க பொய் சொல்றமுங்களா?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. யார் சொல்வது சரி? மெஷின் பழுதோ?

பிப்ரவரி 7

வேறு மெஷின். அதுவும் மூன்று.

பிப்ரவரி 11

இன்று மெஷினோடு நானும் உள்ளே உட்கார்ந்தேன். லோகப்பிரியா கட்டிலில் சாய்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். வெடித்ததும் அலமாரிப் பாத்திரங்கள் கிணுகிணுத்தன. தரை என் உள்ளங்காலைத் தள்ளியது. அவள் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். மெஷினில் அதே மூன்று.

"கொழந்தைக்கு ஒண்ணும் ஆவாதுங்களாக்கா?"

டாக்டரைக் கேளுங்க என்றேன்.

"கேட்டாச்சுங்க. ஒண்ணும் ஆவாதுன்னுதான் சொன்னாங்க. பயம் போவ மாட்டேங்குதே."

எனக்கு என்ன தெரியும்?

பிப்ரவரி 12

மதன்குமார் சாரிடம் போனேன். சைட் மேனேஜர். "ஏனுங்க மெர்சி, அந்த அஞ்சு, சுவத்துல விரிசல் உடாம இருக்கறதுக்கான அளவு. மனுசனுக்கு அதுக்கு ரொம்பக் கம்மியிலயே ஆட்டம் தெரியும். ஆனா ரூலு சுவத்துக்குத்தானுங்க."

வெடிமருந்தைக் குறைக்க முடியுமா என்றேன். அளவுக்குள் இருக்கும்போது எதைச் சொல்லி மேலே கேட்பது என்றார். அவர் சொல்வதும் நியாயம்தானே? அக்கா சொல்வதும் நியாயம். மெஷினும் பொய் சொல்லவில்லை. பிறகு தப்பு எங்கே இருக்கிறது — ஒண்ணுமே புரியல.

பிப்ரவரி 13

பக்கத்து வீட்டில் ஒரு கர்ப்பிணி இருக்கிறாள், வெடிமருந்தைக் குறையுங்கள் என்று நானே தலைமை அலுவலகத்துக்கு மெயில் அனுப்பிவிட்டேன். சாருக்கும் ஒரு காப்பி. சரியா செஞ்சேனா? இது என் வேலையா?

பிப்ரவரி 19

பதில் இல்லை.

லோகப்பிரியாவை அன்னூருக்கு, மாமியார் வீட்டுக்கே திருப்பி அனுப்புகிறார்கள். நான் போனபோது கார் நின்றுகொண்டிருந்தது. அக்கா தலையணைகளைப் பின் சீட்டில் அடுக்கினார்.

"தலப்பிரசவத்துக்குக் கூட்டியாந்த புள்ளைய நானே கொண்டுபோய் உடறனுங்க. சம்மந்தி ஊட்டுல என்ன சொல்லுவாங்க?"

வெடி அளவுக்குள் இருந்தது என்றா சொல்வது?

பிப்ரவரி 24

லீவு. படுத்தே கிடந்தேன். கட்டில் ஆடுவதுபோல் இருந்தது. ஆடியதா? எழுந்து தண்ணீர்ச் செம்பைப் பார்த்தேன். தண்ணீர் அசையவில்லை.

மார்ச் 10

அனுமதி வந்துவிட்டது. வெடிமருந்து பாதியாம். மதன்குமார் சாரே ஓடிவந்து சொன்னார். அவரும் இரண்டு முறை போனில் கேட்டிருக்கிறார். எனக்குத் தெரியாது.

அக்கா வீடு பூட்டியிருந்தது; அன்னூரில் மகளோடு இருக்கிறாராம். வாசலிலேயே அளந்தேன். ஒன்றரை. காலுக்கு லேசாகத்தான் தெரிந்தது. உடனே அக்காவைப் போனில் கூப்பிட்டு, "இப்ப அவ்வளவா ஆடலீங்கக்கா" என்றேன். என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது.

"அப்படீங்களா?" பிறகு தணிந்த குரலில், "பாப்பா இப்பத்தான் தூங்குதுங்க அம்மணி. அப்பறமாப் பேசறனுங்க."