சனிக்கிழமைக் கூட்டத்துக்குப் போகும் முன்

அன்பு மகள் ஜெனிக்கு,

முதுநகரிலிருந்து அம்மா எழுதுகிறேன். மாதாவின் காவலில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம். நீயும் சுகம்தானே என்று வழக்கமாகக் கேட்கிற இடம் இது, ஆனால் நீ புனேயிலிருந்து அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்ட பிறகு அப்படிக் கேட்க எனக்கு மனசு வரவில்லை, நீ சுகமாக இருக்க வேண்டும் என்று மட்டும் எழுதுகிறேன். பதில் சொல்ல இத்தனை நாள் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. போனில் பேசினால் பாதியில் நீ அழுகிறாய், மீதியில் நான் அழுகிறேன், அப்பா போனைப் பிடுங்கி சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிடுகிறார். சொல்ல நினைத்தது சொல்லாமலே போகிறது. அதனால்தான் வடகம், மிளகாய்த்தூள் பார்சலோடு சேர்த்து இதைக் கடிதமாகவே எழுதி வைக்கிறேன். சாப்பிட்டுவிட்டு, உட்கார்ந்து, நிதானமாகப் படி.

நீ சொன்னதை நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று பார். மார்ச்சோடு உன் ஒரு வருட ஒப்பந்தம் முடிகிறது, கம்பெனி நீட்டிக்கிற மாதிரி தெரியவில்லை. அட்டைப்பெட்டி டிசைன் செய்கிறவர்களும் பேக்கிங் கம்பெனிக்காரர்களும் மாதம் ஒரு சனிக்கிழமை கூடுகிறார்களே, அங்கே போய் நாலு பேரைப் பழகிக்கொள் என்று உன் மேனேஜர் சொன்னார். நீயும் போனாய். போய், டீ வைத்திருந்த மேசைக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டு, ஒருத்தரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் ஆட்டோ பிடித்து ரூமுக்கு வந்து அழுதிருக்கிறாய். எனக்கு இங்க யாரையும் தெரியலம்மா, ஆள் தெரியாம இந்தத் தொழில்ல அடுத்த வேலை கெடைக்காது, நான் ஊருக்கே வந்துடறேன் என்றாய். அப்பாவுக்கு அதைக் கேட்டதும் முகத்தில் ஒரு வெளிச்சம், மறைக்கப் பார்த்தார், முடியவில்லை. வரட்டுமே, நெல்லிக்குப்பத்துல ஒரு ஸ்கூல்ல கம்ப்யூட்டர் டீச்சர் கேக்கறாங்க, நம்ம வூட்டுச் சோத்தத் தின்னுட்டுப் போய்ட்டு வரட்டும் என்றார். பிளஸ் டூவிலிருந்து பிஸ்கட் டப்பா, சோப்பு டப்பா எல்லாவற்றையும் பிரித்து மடித்துப் பார்த்த பிள்ளை நீ. உன்னை நெல்லிக்குப்பத்தில் அட்டெண்டன்ஸ் எடுக்கிறவளாக நினைத்துப் பார்த்தேன், அதில் தப்பு ஒன்றும் இல்லை, ஆனால் அது நீ இல்லை என்று தோன்றியது.

சரி, நம்மால் ஆனதைச் செய்வோம் என்று மறுநாள் ரயிலில் வாயைத் திறந்தேன். என் சங்கதி உனக்குத் தெரியும். உன்னை ஸ்கூலுக்கு அனுப்பிய பிறகுதான் நான் காலேஜே முடித்தேன், வேலைக்குப் போக ஆரம்பித்ததும் இப்போதுதான், அதனால் நாலு பேர் மத்தியில் பேசுவதென்றால் எனக்கும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். தினமும் முதுநகரில் ஏறி சிதம்பரத்தில் இறங்கி ரத்தப் பரிசோதனை லேபுக்குப் போகிறேனே தவிர, அந்த சீசன் டிக்கெட் பெண்கள் பேசுவதை ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து கேட்பதோடு சரி. அன்றைக்கு ஆலப்பாக்கம் தாண்டியதும் புஷ்பவள்ளி அக்காவிடம் கேட்டேன். அவர் சிதம்பரத்தில் அரசாங்க ஆபீசில் இருக்கிறார், எங்கள் பெட்டிக்கே தலைவி மாதிரி. அக்கா, என் பொண்ணு பூனாவுல இருக்கா, அங்க நல்ல கம்பெனியில உங்களுக்குத் தெரிஞ்ச யாராவது இருந்தா சொல்லுங்க என்றேன். அவ்வளவுதான் கேட்டேன். பொண்ணுக்கு இன்னா வயசு என்றார், சொன்னேன். உயரம் கேட்டார், எதற்கென்று தெரியாமல் அதையும் சொன்னேன். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். இரண்டே நாளில் என் போனுக்கு மூன்று மாப்பிள்ளைகளின் போட்டோ வந்துவிட்டது. ஒருத்தன் வேறு யாருடைய காரிலோ சாய்ந்துகொண்டு கூலிங் கிளாஸ் போட்டிருந்தான். நான் அந்தப் பேச்சு எடுக்கவில்லை அக்கா என்று மெசேஜ் போட்டேன், மொதல்ல எல்லா அம்மாவும் அப்படித்தான் சொல்லுவாங்க என்று பதில் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து அப்பா லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீர்த் தொட்டி கழுவிக்கொண்டிருந்தார். புஷ்பவள்ளி அக்கா சொல்லி, மஞ்சக்குப்பத்திலிருந்து ஆரோக்கியராஜ் என்று ஒருவரும் அவர் மனைவியும் ஆப்பிள், பூ, மிக்சர் எல்லாம் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறார்கள். அவர்கள் பையன் டேவிட் ராஜ் புனேயில் வண்டிக் கம்பெனியில் வேலையாம். அப்பா கோயில் திருவிழா வசூலுக்கு வந்தவர்கள் என்று நினைத்து வாங்க வாங்க என்று உட்கார வைத்துவிட்டார். அவர் மனைவி உன் போட்டோவை ஷோகேசில் பார்த்து, பொண்ணு சாந்தமா இருக்கா என்றதும்தான் அப்பா என் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும். வேறு வழியில்லாமல் உள்ளதைச் சொல்லிவிட்டேன். மன்னிச்சிக்குங்க, எம் பொண்ணுக்கு வேலைக்கு ஆள் பழக்கம் தேடித்தான் கேட்டேன், அது இப்படி ஆயிடுச்சி என்றேன். அதைக் கேட்டு அந்த அம்மா சிரித்த சிரிப்பு இருக்கிறதே, தெருவுக்கே கேட்டிருக்கும். அட போங்க, எம் புள்ள மட்டும் இன்னா, ரெண்டு வருஷமா பொண்ணு பாக்காத பாக்காதன்னு சொல்லிகினு இருக்கான், நாங்க வந்ததே அவனுக்குத் தெரியாது என்றார். அவர் வீட்டுக்காரர், வாங்கின ஆப்பிள கடைக்காரன் திருப்பி எடுத்துக்க மாட்டான், நீங்களே சாப்டுங்க என்றார். அதற்கப்புறம் டீ போட்டேன். மதியச் சாப்பாடு நேரம் வரைக்கும் உட்கார்ந்திருந்தார்கள், இத்தனை வருஷமாக இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு எப்படிப் பழகாமல் போனோம் என்று ஆகிவிட்டது.

அவர்களுடைய மூத்த மகள் ரோசியும் புனேயில்தான் இருக்கிறாள், ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ், கல்யாணமாகி ஒரு குழந்தை. அங்கேயே வீடியோ காலில் கூப்பிட்டு என்னிடம் கொடுத்துவிட்டார்கள். நான் உன் விஷயத்தைச் சொன்னேன். அவள் உடனே, ஆன்ட்டி, நான் வந்த புதுசுல ஆறு மாசம் கேன்டீனுக்கே போகல, பாஷையும் தெரியாது ஆளும் தெரியாது, மாடிப்படியில உக்காந்துதான் டிபன் பாக்ஸ தொறப்பேன் என்றாள். நீ இப்போது கம்ப்யூட்டர் முன்னாலேயே சாப்பிடுகிறாய் இல்லையா, எனக்குச் சுருக்கென்றது. அப்புறம் சொன்னாள், அந்தத் தொழில்ல எனக்கு யாரையும் தெரியாது, ஆனா அவ போற எடத்துக்குத் தொணைக்கு வரேன், உள்ள வரமாட்டேன், வாசல்ல டீக்கடையில இருப்பேன், முடிஞ்சதும் ரூம்ல உட்டுட்டுதான் போவேன், எந்தம்பிய கூட்டிகினு வரமாட்டேன்னு மறக்காம சொல்லிடுங்க என்றாள். பக்கத்தில் நின்ற அப்பாவே சிரித்துவிட்டார். உன் நம்பரை நான் அவளுக்குத் தரவில்லை ஜெனி. உன்னைக் கேட்காமல் உன் வயசையும் உயரத்தையும் சொல்லி ஒரு தடவை பட்டது போதும். அவள் நம்பரைத் தனியாக ஒரு சீட்டில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன், பேசுவதும் விடுவதும் உன் இஷ்டம்.

திங்கட்கிழமை ரயிலில் இந்தக் கதை எனக்கு முன்னால் ஏறி உட்கார்ந்திருந்தது. புஷ்பவள்ளி அக்கா, பொண்ணு, பூனா, நல்ல கம்பெனின்னு சொன்னா நாங்க இன்னாத்த நெனைக்கறது, வேலைன்னு ஒரு வார்த்த வாயில வந்துதா உனக்கு என்று என்னையே திட்டினார். சந்திரலேகா மட்டும் இறங்கும்போது என் கூடவே நடந்து வந்தாள். அவளுக்குச் சொந்த ஊர் வடலூர், சிதம்பரத்தில் துணிக்கடையில் கணக்கு எழுதுகிறாள், மாவட்டம் முழுக்க அவளுக்கு ஆள் தெரியும். எப்படிம்மா உனக்கு மட்டும் இத்தனை பழக்கம் என்று கேட்டேன். நான் யார்கிட்டயும் போய்ப் பேச மாட்டேன் ஜோதி, எனக்கும் கூச்சம்தான், நீ பூசத்துக்கு எங்கூட வா, அப்பறம் சொல்றேன் என்றாள். தைப்பூசத்துக்கு வடலூரில் எவ்வளவு கூட்டம் வரும் என்று நீ டிவியில் பார்த்திருப்பாய், வருகிறவர்களுக்கெல்லாம் ஆங்காங்கே பந்தல் போட்டுச் சாப்பாடு போடுவார்கள், சந்திரலேகா வீட்டுக்காரர்களும் ஒரு பந்தல் போடுகிறார்கள். நமக்கு அங்க இன்னா வேல என்றுதான் அப்பா முதலில் கேட்டார், பசிக்கிறவங்களுக்குச் சோறு போடறதுல நம்மளது அவங்களதுன்னு இருக்கா என்றேன், பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவரே கொண்டுவந்து விட்டார்.

போனதும் என் கையில் ஒரு ரச வாளியைக் கொடுத்துவிட்டாள். அவ்வளவுதான், வேறொன்றும் சொல்லவில்லை. நம்பு ஜெனி, மதியத்துக்குள் நான் ஒரு வருஷத்துக்குப் பேச வேண்டியதைப் பேசிவிட்டேன். ரசம் ஊத்தட்டுமா என்று கேட்க எந்தத் தைரியமும் தேவைப்படவில்லை. நான் எதற்கு இங்கே நிற்கிறேன் என்று என்னை நானே கேட்டுக்கொள்ள நேரமில்லை, வாளி காலியானால் நிரப்ப வேண்டும், பந்தியில் யாருக்கு வரவில்லை என்று பார்க்க வேண்டும். அவர்களாகவே எந்த ஊரும்மா, இன்னா வேலை என்று கேட்டார்கள். பண்ருட்டிக்காரர் ஒருவர், கோவிந்தசாமி என்று பேர், மூன்றாம் தடவை ரசம் வாங்கும்போது நான் லேபில் வேலை செய்கிறேன் என்று தெரிந்துகொண்டு, நான் ஆஸ்பத்திரி மெஷினெல்லாம் ரிப்பேர் பாக்கறவன் என்றார். எங்கள் லேபில் ரத்தம் பிரிக்கிற மெஷின் தீபாவளியிலிருந்து துணி போட்டு மூடிக் கிடந்தது, கம்பெனி ஆள் வருவதாகச் சொல்லிச் சொல்லி வரவே இல்லை. இவர் அந்த வாரமே வந்து ஓட வைத்துவிட்டார். இப்போது எங்கள் முதலாளி, வேறு எதற்காவது ஆள் தெரியுமா என்று என்னைக் கேட்கிறார். என்னை.

அதனால்தான் சொல்கிறேன். நீ அந்தக் கூட்டத்தில் சும்மா நின்றாயே, அதுதான் கஷ்டம், உன் கூச்சம் அல்ல. இந்த மாதம் போகும்போது அரை மணி முன்னாலேயே போ. ஏற்பாடு செய்கிறவர் யாரென்று பார்த்து, பேர் அட்டை கொடுக்கிற மேசையில் நான் உட்காரட்டுமா என்று கேள். அதெல்லாம் யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள், எந்த விழாவிலும் அந்த வேலைக்குத்தான் ஆள் கிடைக்காது. உள்ளே வருகிற ஒவ்வொருத்தரும் உன் முன்னால் நின்று, பேரையும் கம்பெனியையும் அவர்களே சொல்லுவார்கள். அன்றைக்கு வேலை வேண்டும் என்று யாரிடமும் கேட்காதே, நீங்கள் என்ன பெட்டி செய்கிறீர்கள், எதில் சிக்கல் வருகிறது என்று கேள், அது உனக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைதானே. மறுநாள் இரண்டு பேருக்காவது, நேற்று பேசினோமே என்று ஒரு மெசேஜ் போடு, அதில் மார்ச்சுக்குப் பிறகு வேலை தேடுகிறேன் என்று தெளிவாக எழுது, என்னை மாதிரி சுற்றி வளைத்து எழுதினால் மாப்பிள்ளைதான் வருவான். நெட்டில் முகம் தெரியாத நூறு பேருக்கு ரெக்வெஸ்ட் அனுப்புவதைக் குறை சொல்லவில்லை, ஆனால் அதில் ஒருத்தருக்காவது உன் குரல் தெரியுமா. அப்புறம், மெஷின்காரர்கள் கடை போடுகிற கண்காட்சி வருகிறது என்றாயே, அதற்குக் கடைசி நாள் மத்தியானம் போகச் சொல்கிறார் அப்பா. மொத நாள் எல்லாரும் யாவாரம் பேசுவாங்க, கடைசி நாள் கால் வலிக்குதுன்னு உக்காந்துகினு உண்மையப் பேசுவாங்க என்கிறார். ஹார்டுவேர் கடையில் இத்தனை வருஷம் நின்றவர் சொல்கிறார், கேட்டுக்கொள். ஆபீசில் மதியம் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கேன்டீனுக்குப் போ, இந்த வடகத்தைக் கொஞ்சம் பொரித்து எடுத்துப் போ. தமிழ்ப் பூசை நடக்கிற கோயிலை விசாரித்து வை, பூசை முடிந்ததும் ஓடி வராமல் பத்து நிமிஷம் வெளியே நில்.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. நேற்று அப்பா போனை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ஏப்ரல் மொத வாரத்துக்கு ரயில்ல எடம் இருக்கு, இப்பவே போட்டுடட்டுமா, அப்பறம் கெடைக்காது என்று கேட்டார். உன் அறையில் ஃபேன் மாற்றி, கொசுவலை அடித்துக்கூட வைத்துவிட்டார். எனக்கு மட்டும் ஆசை இல்லையா ஜெனி, லேபிலிருந்து வந்தால் இந்த வீட்டில் குரலே இல்லை. போடுங்க என்று வாய் வரைக்கும் வந்தது. ஆனால் வேண்டாங்க, சனிக்கிழமை போகட்டும் என்று சொல்லிவிட்டேன். அப்பா போனை வைத்துவிட்டு எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். நீ போய் வந்த பிறகும் ஊருக்கு வருகிறேன் என்று சொன்னால், ஏன் என்று நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன், ஸ்டேஷனுக்கு வந்து நானே பையை வாங்கிக்கொள்வேன். ஆனால் அந்த வாசல் வரைக்கும் போய்ப் பார்க்காமல் மட்டும் வராதே. பயந்து வந்த பிள்ளையை நான் வைத்துக்கொண்டால், எனக்காக வைத்துக்கொண்டதாகத்தான் இருக்கும்.

வேளைக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை, ராத்திரி ஆட்டோவில் ஏறினால் வண்டி நம்பரை அனுப்பு. மாதா உன் கூடவே நடப்பார், ஆண்டவர் உன் வாயில் நல்ல வார்த்தையைத் தருவார். ரோசிக்கு ஆறு மணிக்குத்தான் டூட்டி முடியும், அதற்கு மேல் கூப்பிடு, அக்கா என்றே பேசு, அவள் நம்பர் அந்தச் சீட்டில் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும், எந்நேரமானாலும் முதலில் அப்பாவுக்குப் போன் செய். நான் பக்கத்தில்தான் இருப்பேன்.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா,
செ. ஜோதி மேரி